விரல்கூடப் படவில்லை

ஜூன் 2, ஞாயிறு

மூத்தவன் கதிரேசனுக்கு ஓசூர் கம்பெனியில் வேலை உயர்வு வந்திருக்கிறது. இனி அவனுக்குக் கீழே நாற்பது பேராம். நடுவுள்ளவள் அபிராமி மதுரையில் நர்சு. இந்த வருஷம் சிறந்த நர்சு என்று கேடயம் வாங்கியிருக்கிறாள். பெரிய டாக்டரம்மா தன் கையால் கொடுத்தாராம். கடைக்குட்டி செண்பகவல்லிக்கு ரயில்வேயிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஹாக்கி ஆடுகிறவர்களுக்கென்று கொடுக்கிற வேலை. போபால், ராஞ்சி, ரூர்கேலா என்று தமிழ்நாட்டுச் சட்டை போட்டு ஆடிவிட்டு வந்த பிள்ளை. நான் திருச்செந்தூரைத் தாண்டாதவள். டாக்டர் சோதனை முடிந்து, போலீசாரும் இவள் நல்ல பிள்ளை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் ஆகஸ்டில் வேலையில் சேரலாம்.

மூன்று பேரும் என் மகன் பரமகுருவின் பிள்ளைகள். அவன் லாரியோடு வடக்கே போனால் எப்போது வருவான் என்று சொல்ல முடியாது. மருமகள் வேலம்மாள் விடியுமுன்னே கடலைமிட்டாய்க் கம்பெனிக்குப் போய்விடுவாள். சோறு ஊட்டியது, தலை வாரியது, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது எல்லாம் நான்தான். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தித் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பப்பட்டவள் வளர்த்த பிள்ளைகள் இவர்கள். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் வேறு யார் வீட்டில் இப்படி இருக்கிறது?

சாயங்காலம் பேச்சியம்மாள் வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து குச்சி அடுக்கியவள். ரெண்டு தெரு தள்ளி மகன் வீட்டில் இருக்கிறாள்.

“என்ன வடிவு, பேத்தி ரயிலயும் மட்டையாலயே தட்டிக் கொண்டுபோயிருவாளோ?” என்றாள்.

“ஒனக்கு டிக்கெட் கேக்க மாட்டா. பயப்படாம ஏறு” என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம். சீனி கூடப் போட்டுக் காப்பி கொடுத்தேன்.

ஜூன் 5, புதன்

மோர்மிளகாய் போட்டேன்.

கோச் ஊருக்குப் போயிருப்பதால் பிள்ளை தனியாக மைதானத்துக்குப் போய் ஓடிவிட்டு வருகிறாள். சாப்பிடும்போது, “ஆச்சி, ஓடைப் பாதையில ஒருத்தன் பைக்க நிறுத்திட்டு நிக்கான். நான் போகையில பின்னாலயே வாரான்” என்றாள்.

“யாருட்டி அது?”

“பேச்சியம்மா ஆச்சி மவன்தான்.”

ராஜபாண்டி. பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறான். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது. “தெரிஞ்ச பையந்தான, எதுக்காவது நிப்பான். ஒன் கையில மட்டை இருக்கையில என்ன பயம்?” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மிளகாய்க்கு உப்பு கொஞ்சம் கூடிவிட்டது.

ஜூன் 7, வெள்ளி

வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். வேலம்மாள் வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டாள். பிள்ளை இன்று சீக்கிரமே வந்துவிட்டாள். ஆட்டச் சட்டை தோளில் கிழிந்திருந்தது. உடனே சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டு, நீல நூலால் தைத்தேன். தையல் இருக்கிற இடமே தெரியவில்லை. கழுத்தில் கீறல் இருந்தது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துத் தடவினேன்.

விளக்கு ஏற்ற மறந்துவிட்டேன்.

மத்தியானம் போலீஸ் வந்தது. அதை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 8, சனி

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

நேற்றுக் காலையில் பிள்ளை வந்தவள் நேரே அடுப்படிக்குள் போய்ச் சுவரோடு சுவராக உட்கார்ந்துவிட்டாள். கையில் மட்டை அப்படியே இருந்தது. விரலைப் பிரித்துத்தான் வாங்கினேன்.

“பின்னாலருந்து வந்து கழுத்தப் புடிச்சிட்டான் ஆச்சி. முள்ளுக்காட்டுக்குள்ள இழுத்தான். சட்டையக் கிழிச்சான். நான் மட்டைய வீசுனேன். எங்க பட்டதுன்னு தெரியல. விழுந்துட்டான். ஓடி வந்துட்டேன்.”

“வேற ஒண்ணும் ஆகலியே?”

“ஆகல.”

அம்மன் காப்பாற்றினாள். எனக்கு உடனே தோன்றியதைச் சொன்னேன். “அப்பன்னா வாயத் தொறக்காத. தொட்டான்னு மட்டும் யார்ட்டயும் சொல்லிராத. கேலி பேசுனான்னு சொல்லு. ஒங்கம்மாட்டகூடச் சொல்லாத.”

“ஏன் ஆச்சி? தொட்டான்ல?”

“சொன்னாக் கேளுட்டி. அந்த ஒரு சொல் வெளிய போச்சுன்னா, நீ ரயில்வேயில பெரிய ஆபீசராவே ஆனாலும் ஊரு ஒன்ன அத வச்சுத்தான் அடையாளம் சொல்லும்.”

அவளுக்கு அபிராமியின் கழுத்து மூடின சுடிதாரை எடுத்துக் கொடுத்தேன்.

ராஜபாண்டி முள்ளுக்காட்டில் கிடந்ததை ரயில்வே கேட்காரர் பார்த்து ஆம்புலன்சுக்குச் சொல்லியிருக்கிறார். மட்டையோடு ஒரு பிள்ளை ஓடியதைப் பார்த்தேன் என்றும் சொல்லியிருக்கிறார். இந்த ஊரில் மட்டையோடு ஓடுகிற பிள்ளை யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஸ்டேஷனுக்கு நானும் கூடவே போனேன். மட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

எங்களை விசாரித்தது பெண் எஸ்.ஐ. சின்ன வயசு, நல்ல முகம். பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்து, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“செண்பகவல்லி, பயப்படாம சொல்லும்மா. அவன் ஒன்னயத் தொட்டானா?”

பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன். “தொடவா? எம் பேத்தியவா? யம்மா, அவ மேல ஒரு விரல்கூடப் படல. இவ நெழலக்கூட எவனும் தொட முடியாது. மாநிலத்துக்கே ஆடுன பிள்ள இது.”

“பாட்டி, நான் அவளக் கேட்டேன்.”

“அவளக் கேட்டாலும் அதான் சொல்லுவா.”

“தொடலைன்னா பின்ன எதுக்கு அடிச்சா?”

“தப்பாப் பேசுனான். பொறுப்பாளா? சின்னதுலருந்தே ஒரு சொல்லு பொறுக்க மாட்டா. அஞ்சாப்பு படிக்கையில கேலி பண்ணுன பயல ஒரே அடியில பல்ல ஒடச்சிட்டு வந்தவ. அவ வீசுற வீச்சுக்கு எதிர்ல நிக்க ஆளு கெடையாது.”

பக்கத்து மேசையில் ஏட்டையா எழுதிக்கொண்டே இருந்தார். எஸ்.ஐ. அம்மா பேனாவைக் கீழே வைத்தார். “பாட்டி, ஒரு வாட்டி யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க சொல்லுதத வச்சுத்தான் நாங்க எழுத முடியும். பிள்ளைய கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம். மேல காயம், கீறல் ஏதும் இருந்தா டாக்டர் எழுதித் தருவாங்க. அவளுக்கு நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. “கல்யாணமாகாத பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி என்னத்தத் தொறந்து காட்டச் சொல்லுதிய? அவளுக்குத்தான் ஒண்ணும் ஆகலைன்னு சொல்லுதேன்ல. ஒங்க வீட்டுப் பிள்ளைன்னா இப்படிக் கேப்பியளா?”

அவர் என்னை விட்டுவிட்டுப் பிள்ளையிடமே மறுபடியும் கேட்டார். பிள்ளை தரையைப் பார்த்தபடி, “தொடல” என்றாள்.

என் பேச்சை அவள் தட்டியதே இல்லை. வளர்ப்பு அப்படி.

எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னேன். நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள். மாநில அளவிலான வீராங்கனை என்றும் போட்டிருந்தது. கூப்பிடும்போது வர வேண்டும், ஊரை விட்டுப் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே வரும்போது யாரும் எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை.

ராஜபாண்டியைப் பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

ஜூன் 9, ஞாயிறு

பிள்ளை சாப்பிடவில்லை. சொதி வைத்தேன், அவளுக்குப் பிடிக்குமே என்று.

ஜூன் 11, செவ்வாய்

வேலம்மாள் கண்டுபிடித்துவிட்டாள். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டபோது கழுத்தைப் பார்த்திருக்கிறாள். எண்ணெய் வைத்து வைத்துக் கீறல் அநேகமாக ஆறிவிட்டது. ஆனால் தாய்க்காரிக்குத் தெரியாமல் இருக்குமா? பிள்ளை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ஈரக் கையோடு அடுப்படிக்கு வந்தாள். “அத்த, எம் பிள்ளைய அவன் கழுத்தப் புடிச்சு இழுத்திருக்கான். நீங்க போயி ஸ்டேஷன்ல விரல்கூடப் படலைன்னுட்டு வந்திருக்கிய.”

“மெல்லப் பேசு. சுவருக்கு அந்தப் பக்கம் ஆளு இருக்கு.”

“இருக்கட்டும். கேக்கட்டும். புடிச்சவன் அவன், நாம எதுக்கு மெல்லப் பேசணும்?”

“நாளைக்கு ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரன் வந்து தெருவுல விசாரிச்சா இவிய என்னத்தச் சொல்லுவாவ? தொட்டான்னு சொல்லுவாவளா, இழுத்துட்டுப் போனான்னு சொல்லுவாவளா? ஒண்ணு சொன்னா ஒம்பது சேத்துச் சொல்லுவாவ. நான் பாத்திருக்கேன் வேலம்மா.”

“மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஜெயிலுக்கு வந்து பொண்ணு கேப்பானா அத்த?”

ஜெயில் என்ற சொல்லை இந்த வீட்டில் அவள்தான் முதலில் சொன்னாள். அபசகுனமாகப் பேசாதே என்றேன். இவ்வளவு வருஷத்தில் என் முகத்துக்கு நேராக அவள் கையை நீட்டிப் பேசியது இதுதான் முதல் தடவை. ராத்திரி பரமகுருவுக்குப் போன் போட்டாள். அவன் நாக்பூரில் இருக்கிறான். திரும்பி வருகிறேன் என்றானாம்.

என்னிடம் போனைத் தரவில்லை.

ஜூன் 13, வியாழன்

ராஜபாண்டி செத்துப்போனான்.

பால்காரர் சொல்லித்தான் தெரியும். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை யாரும் இறக்கவில்லை.

பத்து மணிக்கு மேல் ஜீப் வந்தது. அதே எஸ்.ஐ. அம்மாதான். இன்று தண்ணீர் கொடுக்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. அடிதடிக் கேசைக் கொலைக் கேசாக மாற்றிவிட்டார்களாம். பிள்ளை தானே எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். வேலம்மாள் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். தெரு பூராவும் வாசலில் நின்றது. நான் பிள்ளைக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தேன், முகத்தை மூடிக்கொள்ள. அவள் வாங்கவில்லை. மூடாமலே போனாள்.

ஜூன் 14, வெள்ளி

திருநெல்வேலியில் பெண்கள் சிறையில் வைத்திருக்கிறார்கள். வீடு பெருக்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

பரமகுரு வந்துவிட்டான். அவனும் நானும் வக்கீலைப் பார்க்கப் போனோம். வேலம்மாள் என்னோடு ஒரே ஆட்டோவில் வர மாட்டேன் என்று முன்னாலேயே போய்விட்டாள்.

வக்கீல் எபனேசர் சாருக்கு நிதானமான பேச்சு. பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பது போலச் சொன்னார். “பாட்டி, ஒருத்தன் ஒரு பொண்ண மறைவுக்குள்ள இழுத்துட்டுப் போறான். அவ தப்பிக்கதுக்காக அடிக்கா. அந்த அடியில அவன் செத்தாக்கூட அது தற்காப்புன்னு சட்டம் ஒத்துக்கிடும். ஆனா அவன் தொடவே இல்ல, வாயிலதான் பேசுனான்னு வைங்க. அதுக்குப் போயி மட்டையால மண்டையில அடிச்சா அது தற்காப்பு ஆகாது. வெளங்குதா?”

விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம்.

“இப்ப உண்மையச் சொல்லலாம்ல சார்?” என்றான் பரமகுரு.

“சொல்லணும். ஆனா அன்னைக்கே ஏன் சொல்லலைன்னு கேப்பாங்க. பிள்ளையே தன் வாயால தொடலைன்னு சொல்லியிருக்கா. அதுக்கு மேல நமக்கு ஏதாவது வேணும். அவ அன்னைக்குப் போட்டிருந்த சட்டை எங்க?”

“இருக்கு சார்” என்றேன். கொண்டுபோயிருந்தேன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் விரித்துப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இதுல கிழிசலக் காணோமே?”

“தச்சிட்டேன்.”

“துவைச்சிட்டியளா?”

“அன்னைக்கே துவைச்சிட்டேன்.”

அவர் சட்டையை மடித்து மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தார். “கழுத்துல காயம்?”

“ஆறிட்டு சார். தடமே தெரியாம…”

வேலம்மாள் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

அப்புறம் ஏட்டையா எழுதினதைப் பற்றிச் சொன்னார். ஒரு சொல் பொறுக்க மாட்டாள், சின்ன வயசிலேயே பல்லை உடைத்தவள், அவள் வீச்சுக்கு எதிரில் நிற்க ஆள் கிடையாது. நான் சொன்ன ஒன்றையும் அவர்கள் விடவில்லை.

“இதெல்லாம் யாரு சொன்னது?” என்று பரமகுரு கேட்டான். அவனுக்குத் தெரியாது. நான் வெறும் பையை மடித்துக்கொண்டிருந்தேன். அப்போது அவன் என்னைப் பார்த்தான்.

ஜூன் 19, புதன்

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 21, வெள்ளி

குழாயடியில் பேச்சியம்மாளைப் பார்த்தேன். மகன் செத்தபின் முதல் தடவையாக வெளியே வந்திருக்கிறாள். மற்றப் பொம்பளைகள் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். என்னைப் பிடித்து உலுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். உலுக்கியிருந்தால் நின்றிருப்பேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வடிவு, ஊரு என்னென்னமோ பேசுது. முள்ளுக்காட்டுல காலங்காத்தால அவனுக்கு என்ன சோலின்னு கேக்காவ. அவன் பொண்டாட்டியே என்னய ஒரு மாதிரியாப் பாக்கா. நான் சொல்லிட்டேன். வடிவு பொய் சொல்ல மாட்டா. அவளே ஸ்டேஷன்ல சொல்லிட்டா, எம் மவன் விரல்கூடப் படலைன்னு. எதோ வாய்த்துடுக்குல பேசிட்டான், போயிச் சேந்துட்டான். அந்தப் பச்சப்பிள்ளைக்கு அவ அப்பன் கெட்டவன்னு பேரு வராமப் பண்ணிட்டியே, அது போதும் எனக்கு.”

என் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

“ஒம் பேத்திய நான் மன்னிக்க மாட்டேன். ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துவிடு என்றாள். தூக்கி வைத்துவிட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

தனியாக ஸ்டேஷனுக்குப் போனேன். பரமகுருவிடம் சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னது பொய், இன்று சொல்வதுதான் நிஜம், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லப் போனேன்.

வாசலில் உட்கார வைத்துவிட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். சொன்னேன். கழுத்தைப் பிடித்தான், முள்ளுக்காட்டுக்குள் இழுத்தான், சட்டையைக் கிழித்தான், நான்தான் சொல்லாதே என்று பிள்ளை வாயை அடைத்தேன் என்று சொன்னேன். எந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்துப் பூட்டினேனோ அதையெல்லாம் ஆம்பளைகள் நிற்கிற இடத்தில் நின்று சொன்னேன். ரெண்டு கான்ஸ்டபிள்கள் டீ குடித்துக்கொண்டே கேட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “எந்த வக்கீல் பாட்டி? எபனேசரா?” என்றார்.

“வக்கீலு சொல்லிக் குடுக்கல சார். நானாத்தான் வந்தேன்.”

“அவன் சாகுற வரைக்கும் தொடலைன்னிய. செத்து, கேசு பெரிசான பொறவு தொட்டான்ங்கிய. ஒங்க எடத்துல நான் இருந்தாலும் இதத்தான் சொல்லுவேன். பேத்தி பாருங்க, மனசு கேக்காது. சரி, சொல்லிட்டியள்ல, போங்க.”

“எழுதிக்கிடுங்க சார்.”

“எழுதிக்கிடுதோம்.”

எழுதவில்லை. அன்றைக்கு நான் சொல்லச் சொல்லக் கை ஓயாமல் எழுதிய ஏட்டையா இன்று பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் எஸ்.ஐ. அம்மா நின்றார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார். “நான் அன்னைக்குக் கேட்டேன்ல பாட்டி” என்றார். “ஒரு வாட்டி இல்ல, மூணு வாட்டி கேட்டேன்.” அவர் கண் கலங்கியிருந்தது. “ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு வந்திருந்தா…” அதற்குள் உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

ஜூன் 26, புதன்

ஸ்டேஷனில் சொன்னது இன்று காலையில் தெரு முழுவதும் தெரிந்துவிட்டது. டீ குடித்த வாய்கள்.

பேச்சியம்மாள் அதை வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது என்று அவள் வீட்டுக்குப் போனேன். அதற்குள் கேட்டுவிட்டிருந்தாள். வாசல்படியில் நின்றாள். உள்ளே ராஜபாண்டியின் பெண்டாட்டி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“மெய்யா வடிவு?”

“மெய்தான். தொட்டான். கழுத்துல நகம் பட்டிருந்தது. நாந்தான் மருந்து போட்டேன்.”

அந்தப் பெண்தான் உள்ளேயிருந்து, “கதவச் சாத்துங்க அத்த” என்றாள். அதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்குப் பட்டது. பேச்சியம்மாள் கதவைச் சாத்தினாள்.

அந்தக் குழந்தையின் அப்பனுக்குப் பேர் போய்விட்டது. என் வீட்டுப் பிள்ளைக்கும் எதற்குப் பயந்தேனோ அந்தப் பேர் வந்துவிட்டது. ஜெயில் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஜூலை 4, வியாழன்

திருநெல்வேலிக்குப் போனோம். மனு எழுதிக் கொடுத்து, வெயிலில் நின்று, பெயர் கூப்பிட்ட பிறகு உள்ளே விட்டார்கள். கதிரேசன் ஓசூரிலிருந்து வந்திருந்தான். முதலில் வேலம்மாளும் பரமகுருவும் பேசினார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பிள்ளை நின்றாள். இளைத்திருந்தாள். முடியைத் தானே பின்னியிருந்தாள், வகிடு கோணலாக.

என் முறை வந்தது. “சாப்பிட்டியாட்டி?” என்றேன். வேறு என்ன கேட்பது?

அவள் என்னை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். கோபமாகப் பேசவில்லை. மரியாதையாகத்தான் பேசினாள். “ஆச்சி, அன்னைக்கு நீங்க சொல்லச் சொன்னத அப்படியே சொன்னேன். இப்ப என்ன சொல்லணும்னு சொல்லுங்க. அதையும் அப்படியே சொல்லிருதேன்.”

நான் வலையைப் பிடித்துக்கொண்டேன். வார்டர் அம்மா கையை எடுக்கச் சொன்னாள்.

“உள்ளத உள்ளபடி சொல்லு தாயி.”

“அது இனி யாருக்கு வேணும்?” என்றாள். திரும்பிப் போய்விட்டாள். நேரம் இன்னும் மிச்சம் இருந்தது.

பஸ்ஸில் கதிரேசன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். பஸ் கயத்தாறு தாண்டியது. அப்புறம், “அழாதிய ஆச்சி” என்றான். நான் அழவில்லை என்றேன்.

ஜூலை 10, புதன்

பிள்ளைக்காக நினைத்து மாவிளக்குப் போட்டேன். மாவு சரியாகச் சேரவில்லை. விண்டுவிண்டு போனது.

ஜூலை 15, திங்கள்

ரயில்வேயிலிருந்து கடிதம். குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதால் என்று தொடங்குகிறது. தபால்காரர் கொடுக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கொடுத்தார். வேலம்மாள் வாசித்துவிட்டு மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வக்கீல் என்னை வரச் சொல்லியிருந்தார். கேசு நடக்கும்போது நான் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருக்குமாம். அரசாங்க வக்கீல் என்ன கேட்பார் என்று சொல்லிப் பழக்கிவிட்டார்.

“அன்னைக்குப் போலீஸ்ல தொடலைன்னு சொன்னது நீங்கதான?”

“ஆமா.”

“இன்னைக்குத் தொட்டான்ங்கிய. அப்ப பொய்யா, இப்ப பொய்யா?”

“அப்ப பொய்.”

“எதுக்குப் பொய் சொன்னிய?”

“பிள்ளைக்கு அவப்பேரு வரக் கூடாதுன்னு.”

“பேருக்காகப் பொய் சொல்லுத பொம்பள, பேத்தி உயிருக்காகப் பொய் சொல்ல மாட்டாளா?”

நான் பதில் தேடினேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதத்தான் கேப்பாங்க பாட்டி. எங்கிட்டயும் இதுக்குப் பதில் இல்ல. யோசிங்க.”

இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கீரை ஆயும்போதும் அதே யோசனை. கூண்டில் ஏறி நின்று உண்மையைச் சொல்லப் போகிறேன். அது பாட்டி சொல்லுகிற பொய்யாகத்தான் கேட்கப் போகிறது.

ஆகஸ்ட் 22, வியாழன்

மதுரைக் கோர்ட்டில் ஜாமீன் கிடைத்துவிட்டது. கேசு முடிகிறவரை பிள்ளை கோவில்பட்டிக்குள் வரக் கூடாது. மதுரையில் தங்கித் தினமும் காலையில் அங்குள்ள ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். அபிராமியின் அறையில் இருக்கப் போகிறாள். வேலம்மாளும் துணி எடுத்துக்கொண்டு அங்கே போகிறாள்.

நானும் வரட்டுமா என்று கேட்டேன். வேலம்மாள் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே, “அவ வேண்டாம்ங்கா அத்த” என்றாள். இந்தத் தடவை குரலில் சூடு இல்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

செப்டம்பர் 1, ஞாயிறு

பரமகுரு மறுபடியும் லாரிக்குப் போய்விட்டான். கேசுச் செலவு இருக்கிறதே. வீட்டில் நான் மட்டும். ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று கை இன்னும் பழகவில்லை.

சாயங்காலம் என் பட்டன் போனில் அபிராமி கூப்பிட்டாள். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“இருக்கா ஆச்சி. காலையில கையெழுத்துப் போட்டுட்டு வருவா. பொறவு ரூமுக்குள்ளதான். மைதானம் பக்கத்துலதான் இருக்கு. அங்க போறதில்ல.”

“பக்கத்துல இருக்காளா?”

“இருக்கா.”

“போனக் குடேன்.”

அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்புக் கேட்டது. போனைக் கையால் பொத்திக்கொண்டிருப்பாள். “வேண்டாம்ங்கா ஆச்சி. கொஞ்ச நாள் போகட்டும்.”

“சரிட்டி. பேச வேண்டாம். நான் ஒண்ணு கேட்டாச் செய்வியா? அவள ஒரு படம் எடுத்துத் தபால்ல போடு.”

“படமா? வீட்டுச் செவரு பூரா அவ படந்தான ஆச்சி?”

“அது எல்லாம் கப்போட நிக்கிறது. எனக்குப் புதுசு வேணும்.”

“அவ சிரிக்கதே இல்ல ஆச்சி. மொகமும் நல்லா இல்ல. எடுத்தாலும் ஒங்களுக்கு அனுப்ப எனக்கே மனசு வராது.”

“சிரிக்க வேண்டாம். பவுடர் போட வேண்டாம். கழுத்து மூடின சுடிதார் வேண்டாம். அவ இப்ப எப்படி இருக்காளோ அப்படியே எடுத்துப் போடுட்டி.”